டிரெய்லர் லோரியின் டயர் அழுத்தம்: கண்காணிப்புக் கருவியைத் தேர்வு செய்வதும் பயன்படுத்துவதும்

கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலனை ஏற்றிக்கொண்டு வடக்கு-தெற்கு நெடுஞ்சாலைக்கு வரும் டிரெய்லர் லோரிகளில் பல 22 டயர்களில் ஓடுகின்றன. மூன்று அச்சு கொண்ட இழுவை லோரிக்கு 10 டயர், மூன்று அச்சு டிரெய்லருக்கு 12 டயர். இதில் பாதிக்கு மேற்பட்டவை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் உருள்கின்றன.

முன் டயரில் காற்று இறங்கினால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். ஓட்டுநருக்கு உடனே தெரிந்துவிடும். டிரெய்லர் டயரில் காற்று இறங்கினால் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. கண்ணாடியில் புகை தெரியும்போதோ, பக்கத்தில் வருபவர் ஹாரன் அடித்துக் கை காட்டும்போதோதான் விஷயம் புரியும். அதற்குள் டயர் கிழிந்து சாலையில் சிதறியிருக்கும். பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவரின் உயிருக்கு அந்த ரப்பர் துண்டே எமனாகலாம்.

காற்று இறங்கத் தொடங்கும் நேரத்துக்கும் டயர் வெடிக்கும் நேரத்துக்கும் இடையில் ஓட்டுநருக்குத் தகவல் தருவதுதான் டயர் காற்றழுத்தக் கண்காணிப்புக் கருவியின் வேலை. சுருக்கமாக டிபிஎம்எஸ் என்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜூலை முதல் புதிய ரகக் கனரக வாகனங்களுக்கும் டிரெய்லர்களுக்கும், 2024 ஜூலை முதல் புதிதாகப் பதிவாகும் எல்லாக் கனரக வாகனங்களுக்கும் டிரெய்லர்களுக்கும் இது கட்டாயமாகிவிட்டது. ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் லோரிகளுக்குத் தனியாக வாங்கிப் பொருத்தும் கருவிகளும் உள்ளன. ஆனால், கார்களுக்கு வாங்குவதுபோல் இதை வாங்கிவிட முடியாது.

டயர் ஏன் வெடிக்கிறது?

பாரத்தைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே இருக்கும் காற்று. காற்று குறைந்தால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் அளவுக்கு மீறி மடங்கி நிமிரும். ஒரு கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் அந்த இடம் சுடுவதுபோல், டயரும் உள்ளுக்குள் சூடாகும். சூடு ஏற ஏற ரப்பருக்கும் உள்ளிருக்கும் எஃகு இழைகளுக்கும் இடையிலான பிடிப்பு தளர்ந்து, கடைசியில் டயர் பிய்ந்துபோகும்.

சாலையோரத்தில் கிடக்கும் டயர் துண்டுகளைப் பார்த்ததும் பட்டை மாற்றிய டயர்தான் காரணம் என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். காற்றுக் குறைவும் கூடுதல் பாரமும் சேர்ந்தால் புதிய டயரும் இதே கதிக்குத்தான் ஆளாகும்.

இரட்டை டயர்களில் ஆபத்து மறைந்தே இருக்கும். உள் டயரில் காற்று இறங்கிவிட்டால் அதன் பாரத்தையும் வெளி டயர் சுமக்கும். வெளியே நின்று பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோல்தான் தோன்றும்.

புறப்படுவதற்கு முன் இரும்புக் கம்பியாலோ சுத்தியலாலோ டயரைத் தட்டிச் சத்தத்தை வைத்துப் பார்ப்பது லோரி ஓட்டுநர்களின் பழைய வழக்கம். முழுவதும் காற்று இறங்கிய டயரை அது காட்டிக்கொடுக்கும். 110 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய டயரில் 88 பிஎஸ்ஐ மட்டுமே இருப்பதைக் காது கண்டுபிடிக்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் புஸ்பாகம் சோதனையும் அன்றைய நிலையைத்தான் சொல்லும். வழியில் ஆணி ஏறினால் அதற்கு எப்படித் தெரியும்?

கருவி வேலை செய்யும் விதம்

ஒவ்வொரு டயரிலும் ஓர் உணரி பொருத்தப்படுகிறது. அது அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து வானொலி அலை மூலம் ஓட்டுநர் அறையில் உள்ள திரைக்கு அனுப்பும். வரம்பு மீறினால் ஒலியும் விளக்கும் எச்சரிக்கும். சில கார்களில் உணரியே இல்லாமல் சக்கரம் சுழலும் வேகத்தை வைத்துக் காற்றுக் குறைவைக் கணக்கிடும் முறை உண்டு. அது அந்தக் காரின் சொந்தச் சக்கரங்களை மட்டுமே அறியும். பின்னால் இழுக்கப்படும் டிரெய்லரின் சக்கரங்கள் அதன் கணக்கில் வராது.

உணரிகளில் இரண்டு வகை உண்டு. முதல் வகையை வால்வு மூடிக்குப் பதிலாக வெளியில் திருகிவிடலாம். டயரைக் கழற்ற வேண்டியதில்லை. மின்கலத்தையும் நாமே மாற்றலாம். ஆனால் திருட்டுப் போகலாம், கல் அடித்து உடையலாம். காற்றடிக்கும் ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்ட வேண்டும். கழற்றாமலேயே காற்றடிக்கும் வசதி கொண்ட ரகங்களும் உள்ளன.

இரண்டாவது வகை ரிம்மில் அல்லது டயரின் உட்புறத்தில் பொருத்தப்படுவது. வெப்பத்தை இது கூடுதல் துல்லியமாகக் காட்டும்; திருடவும் முடியாது. ஆனால் மின்கலம் தீர்ந்தால் பெரும்பாலும் உணரியையே மாற்ற வேண்டும். டயரைக் கழற்றும்போது கடப்பாரை பட்டு உடைந்துவிடாமலிருக்க, உள்ளே உணரி இருப்பதை டயர் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியவை

1. எவ்வளவு அழுத்தம் வரை அளக்கும்? இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பல கருவிகள் கார்களுக்கானவை. லோரி டயரின் அழுத்தத்தை அவற்றால் அளக்க முடியாது. உங்கள் டயரில் அடிக்கும் அளவுக்கும் மேலே தாராளமாக இடம் இருக்க வேண்டும்.

2. எத்தனை டயர்? டிரெய்லரின் 12 டயர்களுக்கும் 12 உணரிகள் வேண்டும். வெளி டயர்களுக்கு மட்டும் பொருத்திச் செலவைக் குறைத்தால், ஆபத்து மறைந்திருக்கும் உள் டயர்களை அப்படியே விட்டதாகிவிடும். உள் டயரின் வால்வுக்குக் கை எட்டுகிறதா, அங்கே மாட்டும் உணரி ரிம்மில் உரசுமா என்பதையும் பார்க்க வேண்டும்.

3. சமிக்ஞை எட்டுமா? 40 அடி கொள்கலன் என்றால் 12 மீட்டருக்கும் மேல் நீளம். அதுவும் முழுக்க எஃகு. கடைசி அச்சிலிருந்து வரும் சமிக்ஞை ஓட்டுநர் அறைக்கு வந்து சேராமல் போகலாம். இடையில் சமிக்ஞையைப் பெருக்கி அனுப்பும் துணைக் கருவி தேவைப்படும். அது லோரியின் 24 வோல்ட் மின்சாரத்தில் இயங்குமா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சில கருவிகள் 12 வோல்ட்டுக்கு மட்டுமே உரியவை.

4. டிரெய்லர் மாறினால்? கொள்கலன் தொழிலில் இது முக்கியமான கேள்வி. காலையில் ஒரு டிரெய்லர், மாலையில் வேறொன்று என்று மாறும்போது, திரை பழைய டிரெய்லரின் எண்களைத் தேடிக்கொண்டிருந்தால் பயனில்லை. டிரெய்லரிலேயே பெறும் கருவி இருந்து, எந்த இழுவை லோரியுடன் இணைத்தாலும் தகவல் தரும் ரகம் இங்கே பொருந்தும். டிரெய்லரின் முன்மூலையில் எச்சரிக்கை விளக்கு பொருத்தி, ஓட்டுநர் அதைக் கண்ணாடியில் பார்க்கும் முறையும் உண்டு.

5. சிரிம் சான்று இருக்கிறதா? வானொலி அலையில் இயங்கும் கருவி என்பதால் இதையும் கேட்டு வாங்க வேண்டும்.

பொருத்திய பின் செய்ய வேண்டியது

அடிப்படை அழுத்தத்தைப் பதிவு செய்வதில்தான் தவறு நேர்கிறது. லோரி குறைந்தது மூன்று மணி நேரம் நின்று, டயர் ஆறிய பிறகே அளக்க வேண்டும். டயர் நிறுவனத்தின் பார அட்டவணைப்படி காற்றடித்து, அந்த எண்ணையே கருவியில் பதிய வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. காலையில் 30 டிகிரி செல்சியஸில் 110 பிஎஸ்ஐ அடித்த டயர், ஓடி 65 டிகிரிக்குச் சூடேறினால் ஏறக்குறைய 124 பிஎஸ்ஐ காட்டும். இது இயல்பு. அழுத்தம் கூடிவிட்டதே என்று காற்றைத் திறந்துவிடக் கூடாது. சூடாக இருக்கும்போது 110-க்கு இறக்கிவிட்டால், டயர் ஆறியதும் 97 பிஎஸ்ஐதான் இருக்கும்.

அடிப்படை அழுத்தத்திலிருந்து 10 முதல் 15 விழுக்காடு குறைந்தால் முதல் எச்சரிக்கை, 20 விழுக்காடு குறைந்தால் அபாய எச்சரிக்கை என்று அமைத்துக்கொள்ளலாம். மேல் வரம்பை 25 விழுக்காட்டையொட்டி வைத்தால் வீண் எச்சரிக்கை வராது.

எச்சரிக்கை ஒலிக்காதவரை எல்லாம் சரி என்றும் இருந்துவிடக் கூடாது. மற்ற டயர்கள் 124 காட்டும்போது ஒன்று மட்டும் 110 காட்டினால், அது வரம்புக்குள் இருந்தாலும் அதில் காற்றுக் குறைவு உண்டு. அழுத்தம் சரியாக இருந்து ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுட்டால், பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கலாம் அல்லது பேரிங் கெட்டிருக்கலாம். டயர்களை இடம் மாற்றினால் உணரிகளின் இடத்தையும் கருவியில் மாற்றிப் பதிய வேண்டும். மாதம் ஒருமுறையாவது காற்றழுத்தமானியால் அளந்து, திரையில் தெரியும் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

எச்சரிக்கை வந்தால்

பிரேக்கை ஓங்கி மிதிக்காமல் வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்த வேண்டும். காற்று மெதுவாக இறங்குகிறது, ஓய்வு நிலையமும் அருகில் இருக்கிறது என்றால் மெதுவாக அங்கே போய்விடலாம். அவசரத் தடத்தில் நிற்பதும் ஆபத்துதான். வேகமாக இறங்கினாலோ, புகை வந்தாலோ அடுத்த நிலையம் வரை ஓட்டக் கூடாது.

இதற்குப் பிறகு நடப்பதுதான் பலர் அறியாதது. இருக்க வேண்டிய அழுத்தத்தில் 80 விழுக்காடும் அதற்குக் கீழும் காற்றோடு ஓடிய லோரி டயரை, காற்றில்லாமல் ஓடிய டயராகவே டயர் தொழிலில் கருதுகிறார்கள். அதன் பக்கச் சுவரில் எஃகு இழைகள் உள்ளுக்குள் அறுந்திருக்கலாம், வெளியே தெரியாது. அப்படியே காற்றடித்தால் பக்கச் சுவர் ஜிப் திறப்பதுபோல் ஒரே கணத்தில் கிழிந்து வெடிக்கும். பக்கத்தில் நிற்பவர் பிழைப்பது அரிது. டயரைக் கழற்றி உள்ளும் புறமும் சோதித்து, இரும்புக் கூண்டுக்குள் வைத்து, தள்ளி நின்றுதான் காற்றடிக்க வேண்டும். டயர் கடைகளில் வேலை செய்யும் நம் இளைஞர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய விதி இது. எவ்வளவு அழுத்தம் குறைந்திருந்தது என்பதை ஓட்டுநர் அவர்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சிறிய டிரெய்லர்களுக்கு

தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர் டிரெய்லர் மெதுவாக ஓடுவதால், காலையில் காற்றழுத்தமானியால் அளப்பதே பெரும்பாலும் போதும். காரின் பின்னால் படகோ பந்தல் சாமானோ இழுப்பவர்கள் வெளிப்புற உணரியைப் பயன்படுத்தலாம். ரப்பர் வால்வு அந்த எடையால் ஆடிக் கசியக்கூடும். முதலில் அதை உலோக வால்வாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதலாளிகளின் பங்கு

டிரிப் கணக்கில் சம்பளம் வாங்கும் ஓட்டுநருக்கு, எச்சரிக்கை ஒலி கேட்டதும் லோரியை நிறுத்துவது எளிதான முடிவல்ல. தாமதமானால் அடுத்த டிரிப் போய்விடும் என்ற கவலை இருக்கும். ஆகவே கருவி பொருத்தும் நிறுவனம், எந்த அளவில் நிறுத்த வேண்டும், யாரை அழைக்க வேண்டும், அந்த நேரத்துக்கான ஊதியம் எப்படி என்பதை எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். நிறுத்தியதற்காக ஓட்டுநர் ஒருமுறை திட்டு வாங்கினால், அடுத்த முறை ஒலி கேட்டும் ஓட்டிக்கொண்டே போவார்.