பேஸ்லிஃப்ட்: முகத்தில் கத்தி வைக்க முன் அறிய வேண்டியவை

எமது சமூகத்தில் ஒருவர் முழங்கால் சத்திரசிகிச்சை செய்துகொண்டால், சோறு கறி கட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். முகத்துக்குச் செய்துகொண்டவரை எவரும் போய்ப் பார்ப்பதில்லை. அவர் எவருக்கும் சொல்லியிருக்க மாட்டார். “இந்த வயதில் இது தேவையா?” என்ற ஒரு கேள்விக்குப் பயந்து, இரண்டு கிழமை ‘ஊருக்குப் போயிருந்தேன்’ என்று சொல்லிச் சமாளிப்பவர்களை நாம் அறிவோம். செய்வதும் விடுவதும் அவரவர் விருப்பம். ஆனால் இந்தச் சத்திரசிகிச்சையின் மிக ஆபத்தான நேரம் முதல் இரவுதான். அந்த இரவில் பக்கத்தில் ஒருவரும் இல்லாமல் இருப்பது உயிருக்கே கேடாக முடியலாம். ஆகவே இதைப் பற்றி வெளிப்படையாகக் கதைப்பது நல்லது.

பேஸ்லிஃப்ட் என்பது தளர்ந்து கீழிறங்கிய கன்னம், தாடை ஓரம், கழுத்து ஆகியவற்றை உயர்த்தித் தைக்கும் சத்திரசிகிச்சை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய வைத்தியர்கள் காதோரத் தோலில் சிறு துண்டுகளை வெட்டியெடுத்து, மிச்சத்தை இழுத்துத் தைத்தார்கள். பரிசில் சுசான் நோயல் என்ற பெண் வைத்தியர் இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவர். 1926இல் இதுபற்றி ஒரு நூலே எழுதினார். வேலை செய்து பிழைக்கும் பெண்ணுக்கு முகத்தோற்றமும் ஒரு முதலீடு என்பது அவர் பார்வை. ஆனால் தோலை மட்டும் இழுத்தால் அது சீக்கிரம் மறுபடி தளர்ந்துவிடும். இழுவிசை தழும்பையும் அகலமாக்கும். 1976இல் மிட்ஸ், பெய்ரோனி என்ற இரு பிரெஞ்சு வைத்தியர்கள், தோலுக்கும் கொழுப்புக்கும் கீழே தசைகளோடு இணைந்த ஒரு படலம் இருப்பதை விவரித்தார்கள். ‘ஸ்மாஸ்’ என்று அதைச் சுருக்கமாக அழைக்கிறார்கள். இன்று தேர்ந்த நிபுணர்கள் உயர்த்துவது இந்தப் படலத்தைத்தான். தோலை அதன் மேல் இழுவையில்லாமல் படிய விடுகிறார்கள். காற்றில் எதிர்த்து நிற்பதுபோல விறைத்த முகங்களைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பயந்தவர்கள், அது பெரும்பாலும் தோலை மட்டும் அளவுக்கு மீறி இழுத்ததன் விளைவு என்பதை அறிந்துகொள்ளலாம்.

இதனால் சரியாகாதவையும் உண்டு. நெற்றிக் கோடுகள், கண்ணிமைத் தொய்வு, உதட்டைச் சுற்றிய மெல்லிய சுருக்கங்கள், கன்னத்துக் கருந்திட்டுகள் ஆகியவற்றுக்கு வேறு சிகிச்சைகள் உள்ளன. எம்மைப் போன்ற கருமை கூடிய தோலில் நுண்சுருக்கங்கள் வெள்ளையரை விடப் பிந்தியே வருகின்றன. எமது முறைப்பாடு பெரும்பாலும் கண்ணைச் சுற்றிய கருமையும் நிறத்திட்டுமாக இருக்கும். அதற்காக பேஸ்லிஃப்ட் செய்துகொண்டால் காசும் போகும், கருமையும் போகாது. நீரிழிவுக்கோ உடல் எடைக்கோ மருந்தெடுத்து வேகமாக மெலிந்தவர்களின் முகம் வாடித் தொங்குவது இப்போது அதிகம் பேசப்படுகிறது. அவர்கள் எடை ஒரு நிலைக்கு வந்து சில மாதங்கள் ஆகும்வரை பொறுப்பது நல்லது.

சத்திரசிகிச்சை முழு மயக்கத்திலோ, மரத்துப்போகும் ஊசியோடு தூக்க மருந்து கொடுத்தோ நடக்கும். செய்யும் முறையைப் பொறுத்து இரண்டு மணி முதல் நான்கைந்து மணி நேரம் வரை எடுக்கும். வெட்டு நெற்றிப்பொட்டு முடிக்குள் தொடங்கி, காதின் முன்புற மடிப்பில் இறங்கி, காதுச்சோணையைச் சுற்றி, பின்பக்கம் முடிக்குள் போய் மறையும். ஆண்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு: தாடி வளரும் தோல் பின்னால் நகர்ந்து காதுக்குள் முடி முளைக்கலாம் என்பதால், வெட்டைச் சற்று முன்னால் வைப்பார்கள். கொண்டை போட்டு முடியை இறுக்கி இழுத்துக் கட்டும் பெண்கள், காதுக்குப் பின்னால் தழும்பு எங்கே வரும் என்பதை முன்கூட்டியே கண்ணாடியில் கேட்டுப் பார்க்க வேண்டும். இவ்வளவு சிறிய விடயத்தைக் கேட்க வெட்கப்படத் தேவையில்லை.

அடிக்கடி நேரும் சிக்கல், தோலுக்கடியில் இரத்தம் தேங்குவது. பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வரும். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் ஆண்களுக்கும் கூடுதலாக வருகிறது. ஒரு பக்க முகம் மட்டும் திடீரென வீங்கிக் கல்லாகி, வலி கூடிக்கொண்டே போனால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே திறந்து தேக்கத்தை வெளியேற்றாவிட்டால் மேலே உள்ள தோல் இறந்துவிடலாம். கழுத்து வீங்கி மூச்சுத் திணறினால் அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். வெள்ளைத் தோலில் பளிச்செனத் தெரியும் சிவப்பும் கன்றலும் எமது தோலில் அவ்வளவு தெரியாது. ஆகவே நிறத்தை நம்பாமல், இரு பக்கத்தையும் ஒப்பிட்டுத் தொட்டுப் பார்க்க ஒருவர் கூட இருக்க வேண்டும்.

காதுச்சோணையும் அதைச் சுற்றிய தோலும் மரத்துப்போவது வழமை. உணர்வு திரும்பப் பல மாதங்கள் எடுக்கலாம். அதுவரை தோடு அழுத்துவதோ, முடி உலர்த்தியின் சூடோ தெரியாது, கவனம் வேண்டும். முகத்தை அசைக்கும் நரம்பு அந்தப் படலத்தின் கீழேதான் ஓடுகிறது. அது அடிபட்டால் புருவமோ உதட்டின் ஒரு ஓரமோ இயங்காமல் போகும். அநேகமாகச் சில கிழமைகளில் அல்லது மாதங்களில் திரும்பிவிடும். அபூர்வமாக நிரந்தரமாகவும் நிற்கும். இந்த ஒரு வாக்கியத்தை வைத்தியர் தம் வாயால் சொல்லாமல் கையெழுத்துக் கேட்டால், பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும் என்பது எமது கருத்து.

புகைப்பவர்களுக்குத் தோல் அழுகும் ஆபத்து பல மடங்கு. நிக்கொட்டின் தோலின் நுண்குழாய்களைச் சுருக்கிவிடும். பல நிபுணர்கள் குறைந்தது நான்கு கிழமைக்கு முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். நிக்கொட்டின் ஒட்டுப்பட்டியும் மின்சிகரெட்டும் இதில் அடக்கம். நீரிழிவு கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் ஆறப் பிந்தும், கிருமி தொற்றும். இருதயத்துக்காக அஸ்பிரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. குடும்ப வைத்தியரும் சத்திரசிகிச்சை நிபுணரும் கலந்து முடிவெடுக்க வேண்டும். மருந்துப் பட்டியலில் எம்மவர்கள் எழுத மறப்பது பூண்டு, மீனெண்ணெய் குளிசைகளும் ஊரிலிருந்து வந்த சூரணங்களும். அவற்றில் சிலவும் இரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை. மறக்காமல் சொல்லுங்கள்.

கீலோய்ட் எனப்படும், வெட்டைத் தாண்டி வளரும் தடித்த தழும்பு கருந்தோலினருக்குக் கூடுதலாக வரும். காதுச்சோணை அதற்குப் பேர்போன இடம். காது குத்தியபோதோ, மூக்குக் குத்தியபோதோ, சிசேரியன் செய்தபோதோ உங்களுக்கு அப்படித் தடித்ததா என்று வைத்தியர் கேட்பார். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். எமது நிறத்தில் அவர் முன்பு செய்தவர்களின், ஒரு வருடம் கழிந்த படங்களைக் காட்டச் சொல்வதும் நியாயமானதே.

தையல்கள் ஐந்து முதல் பத்து நாளுக்குள் எடுக்கப்படும். தலையை உயர்த்தியே படுக்க வேண்டும். வீக்கமும் கன்றலும் இரண்டு கிழமையளவில் வடியத் தொடங்கும். பலர் இரண்டு மூன்று கிழமைக்குள் வேலைக்குத் திரும்பினாலும், பாரம் தூக்கும் வேலை செய்பவர்களுக்கு நான்கு முதல் ஆறு கிழமை வேண்டும். எண்ணெய் முழுக்கும் முடிச்சாயமும் வைத்தியர் சம்மதிக்கும்வரை வேண்டாம். மஞ்சளும் சந்தனமும் தையலின் மேல் பூசவே கூடாது. முகம் தன் இறுதி நிலைக்கு வரப் பல மாதங்கள் ஆகும். மகளின் கலியாணத்துக்கு ஒரு மாதம் முன்பு செய்துகொண்டால் கலியாண அல்பத்தில் வீங்கிய முகம்தான் இருக்கும். பலன் பத்து ஆண்டளவுக்கு நிற்கும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அதற்குப் பிறகும் வயது தன் வேலையைச் செய்யும்.

அழகுக்காகச் செய்வதற்குப் பொதுச் சுகாதாரத்துறை பொதுவாகப் பணம் தராது. போரில் முகம் காயப்பட்டவர்களும் முகவாதத்தால் ஒரு பக்கம் இழுபட்டவர்களும் இதையே தமக்கும் பொருத்திப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு உரியது மீளமைப்புச் சத்திரசிகிச்சை. அது பல நாடுகளில் பொதுச் செலவிலேயே கிடைக்கக்கூடும். தனியார் கிளினிக்குக்குப் போக முன் குடும்ப வைத்தியரிடம் அதைக் கேளுங்கள்.

யாரிடம் செய்வது என்பதற்கு நாட்டுக்கு நாடு விதிகள் வேறு. பிரித்தானியாவில் பொது மருத்துவ மன்றத்தின் நிபுணர் பட்டியலில், பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பிரிவில் பெயர் இருக்கிறதா என இணையத்தில் பார்க்கலாம். பிரான்சில் எழுத்தில் விலைக்கணக்குத் தந்து, அதன்பின் குறைந்தது 15 நாட்கள் யோசிக்க அவகாசம் விடவேண்டும் என்பது சட்டம். அவுஸ்திரேலியாவில் 2023 யூலையிலிருந்து குடும்ப வைத்தியரின் பரிந்துரைக் கடிதமும் குறைந்தது இரண்டு ஆலோசனைச் சந்திப்புகளும் கட்டாயம். ஜேர்மனியில் ‘அழகுச் சத்திரசிகிச்சையாளர்’ என்ற பெயரை எந்த வைத்தியரும் போட்டுக்கொள்ளலாம். பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் பட்டம் உள்ளதா என்றுதான் பார்க்க வேண்டும். ‘இன்றே முற்பணம் கட்டினால் கழிவு’ என்கிற இடத்தில் எழுந்து வந்துவிடுங்கள்.

செலவு குறைவென்று இஸ்தான்புல்லுக்கோ சென்னைக்கோ போகிறவர்கள் உண்டு. அங்கும் கைதேர்ந்த நிபுணர்கள் இருக்கிறார்கள். ஆனால் தையல் எடுக்கும்வரை அங்கே தங்க முடியுமா, திரும்பி வந்தபின் புண் சீழ் பிடித்தால் யார் பார்ப்பார் என்பதை விமானச்சீட்டு எடுக்க முன் முடிவு செய்ய வேண்டும். நீண்ட பறப்பு கால் நாளத்தில் இரத்தம் உறையும் ஆபத்தையும் கூட்டும். என்ன செய்தார்கள், என்ன மருந்து கொடுத்தார்கள் என்ற அறிக்கையை ஆங்கிலத்திலோ நீங்கள் வாழும் நாட்டு மொழியிலோ கையில் வாங்கிக்கொண்டே புறப்படுங்கள்.

கடைசியாக மொழி. அம்மாவுக்கு மகளோ மகனோ மொழிபெயர்க்கும் வழக்கம் எம்மிடம் ஊறியது. ஆனால் பிள்ளை முன்னால் ஒரு தாய் தான் எதற்காக இதைச் செய்ய நினைக்கிறார் என்பதையோ, எடுக்கும் மனச்சோர்வு மருந்தையோ சொல்லமாட்டார். பிள்ளையும் ‘நரம்பு செயலிழக்கலாம்’ என்பதை ‘கொஞ்சம் மரக்கும்’ என்று மெதுவாக்கிச் சொல்லிவிடும். தனியார் கிளினிக் என்றாலும், தகுதிபெற்ற தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யும்படி சந்திப்பு நாளைக் குறிக்கும்போதே கேளுங்கள். கையெழுத்திட வேண்டிய படிவத்தின் பிரதியை அன்றே வீட்டுக்குக் கொண்டுவந்து, நம்பிக்கையான ஒருவரோடு இருந்து வரி வரியாக வாசித்துப் பாருங்கள். அவரையே முதல் இரவில் துணைக்கு இருக்கவும் கேட்கலாம்.