கடிதம் சுமந்த கப்பல்

கோடையில் நார்வே கடற்கரையைக் கப்பலில் சுற்றிப் பார்க்கப் பலர் கிளம்புகிறார்கள். அந்தப் பாதை சுற்றுலாவுக்காகப் பிறந்ததல்ல, தபாலுக்காகப் பிறந்தது.

1890-களின் தொடக்கத்தில் ட்ரோன்ட்ஹெய்மில் போட்ட கடிதம் வடகோடியிலுள்ள ஹாமர்ஃபெஸ்ட் போய்ச் சேரக் கோடையில் 3 வாரம், குளிர்காலத்தில் 5 மாதம் வரை ஆகும். வழியெங்கும் பாறைகள். கலங்கரை விளக்கங்களும் கடல் வரைபடங்களும் மிகக் குறைவு. குளிர்கால இருட்டில் கப்பல் ஓட்டக் கம்பெனிகள் தயங்கின.

கேப்டன் ரிச்சர்ட் வித் ஒப்புக்கொண்டார். அவரும் அவருடைய வழிகாட்டி மாலுமியும் திசை, வேகம், நேரம் எல்லாவற்றையும் முன்பே குறித்து வைத்திருந்தார்கள். இருட்டில் திசைகாட்டியும் கடிகாரமுமே அவர்களுக்குக் கண்கள். 1893 ஜூலை 2 அன்று புறப்பட்ட அவருடைய 'வெஸ்டரோலன்' கப்பல் சுமார் 67 மணி நேரத்தில் ஹாமர்ஃபெஸ்டை அடைந்தது. 'விரைவு வழி' என்று பொருள்படும் 'ஹர்டிக்ரூட்டன்' என்ற பெயர் நிலைத்தது.

உலகப்போரின்போது, 1941-ல், பயணிகளோடு சென்ற அதே கப்பலை சோவியத் நீர்மூழ்கி ஒன்று மூழ்கடித்தது. போருக்குப் பின் சேவை மீண்டும் எழுந்தது.

இன்று பெர்கனிலிருந்து கிர்கெனஸ் வரை 34 துறைமுகங்கள். சுற்றுலாப் பயணிகளோடு உள்ளூர்க்காரர்களும் சரக்கும் ஏறி இறங்குவது உண்டு. நீங்கள் போனால், நடுச்சாமத்தில் சிறு துறைமுகத்தில் கப்பல் நிற்கும்போது எழுந்து பாருங்கள். அந்த ஊருக்காகத்தான் இந்த வழியே தொடங்கியது.