மறையும் குறியும்: வளர்ப்பு முயலின் நிறப்பெயர்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

களனி கங்கை கடலொடு கலக்குமிடத்தை அண்டிய மட்டக்குளியில், வீட்டுப் பின்புறங்களிலும் தொடர்மாடி மேன்மாடங்களிலும் கம்பிவலைக் கூடுகளில் முயல் வளர்ப்போர் உளர். விற்போரும் வாங்குவோரும் அவற்றைப் பிரித்தறியக் கையாளும் தமிழ்ச்சொற்கள் மிகச் சில: வெள்ளை, கறுப்பு, சாம்பல், மண்ணிறம், புள்ளி. அதற்கு மேல் நுணுக்கம் வேண்டின் 'டச்' என்றும் 'ஹிமாலயன்' என்றும் ஆங்கிலப் பெயர்களை நாடுகின்றனர். இதனைக் கொண்டு தமிழின் சொல்வறுமை பற்றிப் பேச முற்படுவோரும், பண்டை நூல்களிலிருந்து சொற்களை அள்ளித் தந்து பெருமிதங் கொள்வோரும் ஒருங்கே தவறவிடும் வினா ஒன்றுண்டு. விலங்கின் நிறத்திற்குப் பெயரிட வேண்டிய தேவை யாருக்கு, எப்பொழுது எழுகின்றது என்பதே அது.

மாட்டை எடுத்துக்கொள்வோம். முல்லைக்கலியின் ஏறுதழுவற் பாடல்களில் காளைகள் நிறத்தாலேயே வேறுபடுத்தப்படுகின்றன. 104ஆம் பாடலில் வெள்ளை, காரி, குரால், சேய் என நான்கு நிறங்கள் வருகின்றன. அவை முறையே பலதேவன், திருமால், சிவன், முருகன் ஆகியோரின் நிறங்களோடு உவமிக்கப்படுகின்றன. தெய்வங்களையே காளையின் நிறங்கொண்டு எண்ணத்தக்க அளவிற்கு ஆயர் வாழ்க்கையில் மாடு மையமாக இருந்தது. பிற்காலத்துப் பள்ளுப் பிரபந்தங்களில் இச்சொற்றொகுதி மேலும் பெருகுகின்றது. முக்கூடற்பள்ளில் மயிலை, செம்மறையன், கருமறையான், அணிற்காலன் முதலாய பெயர்கள் இடம்பெறுகின்றன. அங்கு ஒரு மாட்டின் நிறம் விடத்தலைப் பூவின் நிறம் எனப்படுகின்றது. அப்பூங்கொத்தின் ஒரு பாதி இளஞ்சிவப்பு, மறுபாதி மஞ்சள். விடத்தல்தீவு, விடத்தற்பளை என ஊர்ப்பெயர்களிலே அம்மரத்தைப் பேணும் ஈழத்தவர்க்கு இவ்வுவமையின் நுட்பத்தை விளக்கவேண்டியதில்லை. இருநிற மேனிக்கு இதனிலும் சிக்கனமான சொல்லை நாம் கண்டதில்லை.

எனினும் பள்ளில் இப்பெயர்கள் எச்சூழலில் வருகின்றன என்பது மனங்கொளத்தக்கது. பண்ணைக்காரனுக்குப் பள்ளன் கணக்கொப்புவிக்கும் பகுதியிலேயே விதைவகையும் மாட்டுவகையும் ஏர்வகையும் அடுக்கப்படுகின்றன. தொழுவில் மாட்டப்பட்டு விடுபட்டவன், தனக்குச் சொந்தமில்லாத மாடுகளை ஒவ்வொன்றாக இனங்காட்டுகிறான். மறையை அறிந்தவன் உழைப்பவன். மாட்டை உடையவன் வேறொருவன். வன்னியிலும் மட்டக்களப்பிலும் வழங்கிய குறிசுடுதலை இதனோடு சேர்த்து நோக்குதல் தகும். மறை இயற்கை இட்டது. குறி உடைமை இட்டது. மட்டக்களப்பில் அக்குறி குடிப்பிரிவையும் காட்டிற்று. ஒல்லாந்தர் காலத்தில் நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் பறாளை விநாயகர் பள்ளைப் பாடியபோதும் இந்நிலமானிய உறவே பின்னணியாக இருந்தது.

முயலுக்கு இத்தகைய சொற்றொகுதி தோன்றவில்லை. தொல்காப்பிய மரபியல் நாய், பன்றி, புலி ஆகியவற்றோடு முயலையும் சேர்த்து, அவற்றின் இளமைப்பெயர் குருளை என்கின்றது. நிறம் பற்றி அங்குப் பேச்சில்லை. ஏனெனில் நம் இலக்கியம் அறிந்த முயல் காட்டுமுயல்; வளர்ப்பு முயலினின்றும் வேறானது. கருங்கழுத்து முயல் என விலங்கியலார் கூறும் அவ்வினத்தின் பிடரியில் ஒரு கரும்பட்டை, மற்றைய மேனியெங்கும் புல்லும் மண்ணும் கலந்தாற்போன்ற ஒரே நிறம். வேட்டுவனுக்கு ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறியும் தேவையில்லை, எல்லாமே இறைச்சிதான். முயலோடு சேர்த்து நம்மவர் பேசிய ஒரே கறை திங்களிலுள்ளது என்பது சற்றே வேடிக்கையானது. காட்டுவிலங்கில் நிறமாற்றம் தோன்றியபோது அஃது அரசனைச் சேர்ந்தது. பிடிபட்ட கரும்புலியும் பால்வெள்ளை மானும் கண்டியரசனிடம் கொண்டுவரப்பட்டமையையும், அவன் அவற்றைப் பெரிதும் மதித்தமையையும் 1681இல் வெளிவந்த தமது நூலில் றொபேட் நொக்ஸ் குறிப்பிடுகின்றார்.

கூட்டில் வாழும் முயல் ஐபீரியக் குடாநாட்டுக் குழிமுயலின் வழிவந்தது. அதன் மூலநிறமும் காட்டு நிறமே. முதுகு மயிரை வாயால் ஊதிப் பார்த்தால், அடியில் சாம்பல், நடுவில் மஞ்சள், நுனியில் கறுப்பு என வளையம் வளையமாக நிறங்கள் தெரியும். நிறங்களைப் பிரித்தறிய இதுவே தொடக்கம். மஞ்சள் வளையம் வெண்மையானால் அது சிஞ்சிலா. வளையமே இன்றி ஒரேநிறமானால் கறுப்பு. அக்கறுப்பு நீர்த்துப் போனால் வளர்ப்போர் 'நீலம்' என்னும் ஈயச்சாம்பல். வெள்ளையிலும் இருவகை உண்டு. கண் சிவந்திருப்பின் நிறமியே இல்லை; கண் நீலமாயின் வேறொரு பரம்பரையலகின் விளைவு. காட்டில் இத்தகைய மாற்றங்கள் பருந்துக்கும் நரிக்கும் இரையாகும். கூடு அவற்றைக் காத்தது. சந்தை அவற்றுக்குப் பெயரிட்டது.

இவ்வாறு இடப்பட்ட பெயர்கள் பற்றிச் சிறிது எச்சரிக்கை வேண்டும். முகத்தில் வெள்ளைக் கீற்றும், முன்னுடல் வெள்ளையும், பின்னுடல் கறுப்பும், பின்பாத நுனிகளில் வெள்ளையுங் கொண்ட 'டச்' முயலை ஒல்லாந்தர் இங்குக் கொணர்ந்தனர் என எண்ணத் தோன்றலாம். கொழும்பு 1656இல் ஒல்லாந்தர் கைப்பட்டு 1796இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அம்முயலினம் இங்கிலாந்தில் உருப்பெற்றதோ 19ஆம் நூற்றாண்டில். பெல்ஜியத்தின் ஒஸ்ரென்ட் துறையிலிருந்து இலண்டன் இறைச்சிச் சந்தைக்கு வந்த முயல்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது அது. 'ஹிமாலயன்' முயலுக்கும் இமயத்திற்கும் தொடர்பில்லை. அதே முயலைச் சீன முயல், போலந்து முயல், ரஷ்ய முயல் எனவும் வழங்கினர் என டார்வின் 1868இல் குறிப்பிட்டார். தொலைவூர்ப் பெயர் விலையை உயர்த்தும் என்பதை வணிகர் நன்கறிவர். ஐரோப்பியர் விலங்குகளுக்கும் இடங்களுக்கும் பெயரிட்ட திறத்திற்குக் கொட்டாஞ்சேனையை அடுத்த வுல்வெண்டாலே சான்று: ஓநாயில்லாத நாட்டில், நரி திரிந்த மேட்டுக்கு ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்று பெயர்!

சிஞ்சிலாவின் வரலாறு இன்னும் தெளிவானது. தென்னமெரிக்க மலைகளில் வாழும் சிஞ்சிலா என்னும் சிறுவிலங்கு, அதன் மென்மயிர்த்தோலுக்காக அழிவின் விளிம்புவரை வேட்டையாடப்பட்டது. தோல் அரிதாகி விலை ஏறவே, அதே நிறங்கொண்ட முயல் பிரான்சில் டைபோவ்ஸ்கி என்பாரால் உருவாக்கப்பட்டு 1913இல் காட்சிக்கு வந்தது. ஆக, அந்நிறம் ஒரு பண்டத்தின் பதிலியாகப் பிறந்தது. இவ்வகையைப் பருமனான இறைச்சி முயலாகவும் சோவியத் நாட்டில் வளர்த்தெடுத்தனர். 'சோவியத் சிஞ்சிலா' என்னும் அவ்வினம் இந்தியாவிற்கு வந்து, கொடைக்கானலை அடுத்த மன்னவனூரிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கப்படலாயிற்று. சோவியத் ஒன்றியம் 1991இல் மறைந்தது. முயல் பண்ணைகளில் அப்பெயர் இற்றைவரை வாழ்கின்றது.

நிறத்தின் பெயரால் பேசப்படும் 'தூய்மை' பற்றி ஈண்டு சற்று விரிவாகக் கூறவேண்டியுள்ளது. ஆங்கிலப் புள்ளிமுயல் என்றோர் இனமுண்டு. மூக்கில் வண்ணத்துப்பூச்சி வடிவ மறை, கண்ணைச் சுற்றி வளையம், முதுகெலும்பு நெடுகக் கருங்கோடு, விலாவில் சிதறிய புள்ளிகள். கண்காட்சிகளில் புள்ளி தவறாமல் மதிப்பிடப்படும் இவ்வினத்தைத் 'தூய இனம்' என்பர். ஆனால் அவ்வழகிய மறை, ஒன்றோடொன்று மாறுபட்ட இரு எதிருருக்கள் கூடியபோதே தோன்றும். மறையுள்ள இரண்டை இணைத்தால், சராசரியாக நான்கில் இரண்டு குட்டிகளே பெற்றோரைப் போன்றன. ஒன்று மறையின்றி ஒரேநிறமாகும். மற்றொன்று பெரும்பாலும் வெள்ளையாகப் பிறந்து, பலவேளை குடல்நோய்க்கு ஆளாகும். போற்றப்படும் அழகு கலப்பிலேயே உளது. இருபுறமும் ஒரே எதிருருவைப் பெற்றதுவே நோயுறுகின்றது. கழிக்கப்பட்ட குட்டிகளே பெரும்பாலும் செல்லப்பிராணிகளாக விலைபோகின்றன. பிறப்பாலேயே உயர்வு தாழ்வு கற்பிக்கும் சாதியக் கருத்துநிலையை இயற்கையின் பெயரால் நியாயப்படுத்த முனைவோர் இக்கூட்டினுள் ஒருமுறை எட்டிப் பார்த்தல் நன்று. இலங்கைப் பாடநூல்கள் இத்துறையைப் பிறப்புரிமையியல் என்கின்றன. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால், இந்நாட்டிலேயே பிறந்த மலையகத் தொழிலாளர் இலட்சக்கணக்கில் நாடற்றோராக்கப்பட்டனர். அத்தகைய நாட்டில் இக்கலைச்சொல்லை மாணவர் எவ்விதத் தயக்கமுமின்றி மனனஞ் செய்கின்றனர் என்பதையும் சொல்லிச் செல்லலாம்.

இறுதியாக 'ஹிமாலயன்'. செங்கண், வெண்மேனி, கருமூக்கு, கருஞ்செவி, கருங்கால், கருவால் என்பனவே அதன் அடையாளம். ஆயின் பிறக்கும்போது அக்குட்டி வெள்ளையே. நுனிகள் பின்னரே கறுக்கும். நிறமியை ஆக்கும் நொதியம் அதனிடத்தே வெப்பந் தாங்காததாய் உள்ளது. உடலின் குளிர்ந்த பாகங்களில் மட்டுமே அது தொழிற்படும். முதுகு மயிரை மழித்து, அவ்விடத்தைக் குளிர்ச்சியாக வைத்திருந்தால், வெள்ளையாக இருந்த இடத்தில் கறுப்பு மயிர் முளைக்கும். இவ்வியல்பைத் தரும் எதிருரு, முழுநிறம், சிஞ்சிலா, ஹிமாலயன், முழுவெள்ளை என இறங்கும் வரிசையில் ஒன்று. மேலுள்ளது கீழுள்ளதின் மீது ஆட்சியுடையது. ஒரே இடத்திற்குரிய எதிருருக்கள் இரண்டின் மேலும் இருக்கலாம் என்னும் கருத்து 1913இல் ஸ்ரேட்டவன்ற் இம்முயலை வைத்து எழுதிய கட்டுரையில் வாதிக்கப்பட்டது. பரம்பரை வாய்ப்பைத் தருகின்றது. அது நிறமாவதைச் சூழல் முடிவுசெய்கின்றது. இரண்டையும் பிரித்து ஒன்றை மட்டும் காரணமாக்குவது இயங்கியல் நோக்கிற்கு மட்டுமன்றி முயலின் மூக்கிற்கும் பொருந்தாது.

இவ்வகை முயலின் நுனிக்கறுப்பு குளிர்நாட்டில் அடர்ந்தும் வெப்பநாட்டில் வெளிறியும் காணப்படும். காக்கைதீவுக் கடற்காற்று வீசினாலும் மட்டக்குளியில் குளிர்காலம் என ஒன்றில்லை. ஆகவே இலண்டன் கண்காட்சிக்கென வகுத்த அளவுகோலைக் கொண்டு நோக்கின், இங்குள்ள 'ஹிமாலயன்' குறையுடையதாகவே தோன்றும். செவியும் மூக்கும் கறுப்பாகாமல் புகைநிறத்தில் நின்றுவிடுகின்றன. அதனை வாங்க வருவோர் பெரும்பாலும் சாம்பல்மூக்கு என்றே கேட்கின்றனர். இங்குப் பிறந்த விலங்கை அச்சொல் சரியாகவே குறிக்கின்றது.