பால் நம்முது... கோவா யாருது?

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் போய்விட்டு, கையில் பால்கோவா இல்லாமல் வீடு திரும்பியிருக்கிறீர்களா? திரும்பியிருக்க மாட்டீர்கள். வாசலிலேயே விசாரணை நடக்கும். கோயிலுக்குப் போனீங்களா என்று கேட்பதற்கு முன்னால் பால்கோவா எங்கே என்றுதான் கேட்பார்கள்.

சரி, அந்தப் பால்கோவாவுக்கு என்ன வயசு இருக்கும்?

என் நண்பர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். "ஆண்டாள் காலத்துலேர்ந்தே இருக்கும் சார், இதுல என்ன சந்தேகம்?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆயர்பாடிப் பெண்ணாகத் தன்னையே நினைத்துக்கொண்டு திருப்பாவை பாடியவளின் ஊர் அது. பசு, பால், நெய் எல்லாம் அந்தப் பாட்டிலேயே வந்துவிடுகிறது. பதினோரு நிலைக் கோபுரம் வேறு பக்கத்தில் நிற்கிறது. பால்கோவா மட்டும் நேற்று வந்தது என்றால் யார் நம்புவார்கள்?

ஆனால், பால்கோவா நேற்று வந்ததுதான். அது பழநி பஞ்சாமிர்தம் போல சந்நிதியிலிருந்து வெளியே வந்த பிரசாதம் இல்லை. கடைத்தெருவில் பிறந்த பண்டம். பிறந்தது 1940களில். அதைப் பிரபலமாக்கியவராக ஊர் சொல்லும் பெயர் தேவ் சிங். பூர்வீகம் ராஜஸ்தான். ஆண்டாள் கோயில் பக்கத்தில் மிட்டாய்க் கடை போட்டார், அக்கம்பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்த பாலை வாங்கிச் சுண்டக் காய்ச்சினார். அவ்வளவுதான் கதை.

நம்பிக்கை வராவிட்டால் பெயரையே பாருங்கள். பால் நம்முது. கோவா? வடக்கே பாலைச் சுண்ட வைத்து எடுப்பதற்கு 'கோயா' என்று பெயர். அதுதான் இங்கே வந்து கோவா ஆயிற்று. பாதி தமிழ், பாதி இந்தி. இந்தி எதிர்ப்பு சூடாக நடந்த காலத்திலும் இந்த இந்திச் சொல்லை யாரும் தார் பூசி அழித்ததாகத் தெரியவில்லை!

அதற்காக, அதுவரை நமக்குப் பாலைச் சுண்டக் காய்ச்சவே தெரியாது என்று அர்த்தம் இல்லை. திரட்டுப்பால் இருந்தது. ஆனால் அது சீமந்தம், கல்யாணம் என்று விசேஷம் வந்தால் அடுப்பேறுகிற வீட்டுப் பண்டம். காசு கொடுத்து யாரும் வாங்கியதில்லை. அதை எடை போட்டு, பொட்டலம் கட்டி, எந்த நாளும் யாரும் வாங்கலாம் என்று ஆக்கியதில்தான் வந்தவரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

தென்பாண்டிச் சீமையில் இது புதுசும் இல்லை. திருநெல்வேலி அல்வாவின் பின்னாலும் சிங்குகள்தான். நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக்கடையை 1900இல் ஆரம்பித்தவரும் ஒரு சிங்தான். மிட்டாய்க் கடைக்கே அங்கெல்லாம் 'லாலா கடை' என்றுதான் பேர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ராஜபாளையத்தை எடுத்துக்கொள்ளுங்களேன். ஊருக்கே பெயர் கொடுத்த ராஜுக்கள் விஜயநகரக் காலத்தில் ஆந்திரத்திலிருந்து வந்தவர்கள். இன்றைக்கு அவர்கள் இல்லாத ராஜபாளையத்தை நினைத்துப் பார்க்க முடியுமா?

கடல் தாண்டியும் இதே கதைதான். டேவிட் கோல்டன்பர்க் என்று ஒருவர். ருமேனியாவிலிருந்து பிழைக்க அமெரிக்கா போய் பிலடெல்பியாவில் மிட்டாய் செய்து விற்றார். முதல் உலகப் போர் நேரம், 1917. சிப்பாய்களின் பைக்குள் போட்டுவைக்கத் தோதாக, வறுத்த கடலையைப் பாகில் போட்டுக் கடலை மிட்டாய்க்கு ஒன்றுவிட்ட தம்பி போல ஒன்று செய்தார். 'பீநட் சூஸ்' என்று பெயர். போர் முடிந்து வருஷம் நூறைத் தாண்டியும் பிலடெல்பியாக்காரர்கள் அதை எங்க ஊர் மிட்டாய் என்றுதான் சொல்கிறார்கள்.

நம்ம கோவில்பட்டி கடலை மிட்டாய் உள்ளூர்க்காரர்கள் கைவேலை. ஆனால் அதில் கடலையே வெளியூர்! தென்னமெரிக்காவில் பிறந்தது. மணிலாக்கொட்டை என்று தாத்தா பாட்டி சொன்னது சும்மா இல்லை. வட மாவட்டங்களில் அது தேய்ந்து மல்லாட்டை ஆகிவிட்டது.

மறுபடி பால்கோவாவுக்கு வருவோம். பி.காம். படித்த புத்தி, கணக்குப் போடாமல் விடாது. பசும்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். பத்து லிட்டர் பாலில் ஒண்ணேகால் கிலோ சர்க்கரையைப் போட்டு, விறகு அடுப்பில் வைத்து, அடிபிடிக்காமல் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருந்தால், கடைசியில் மிஞ்சுவது மூன்று கிலோ சுமாருக்குத்தான். மீதியெல்லாம் ஆவி. வேறு சரக்கு எதுவும் கிடையாது. ஏலக்காய்கூட வேண்டாம் என்பது என் கட்சி. பால் மோசமென்றால் மறைக்க வழியே இல்லாத பண்டம் இது. ருசிக்குக் காரணம் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துப் புல் என்பார்கள் ஊர்க்காரர்கள். இருக்கட்டும்.

இப்போது அந்தக் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். ஒரு கிலோவுக்கு மூன்று லிட்டருக்கு மேல் பால் வேண்டும். பால் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். சர்க்கரை, விறகு, கூலி வேறு. அப்படியிருக்க, ஒரு ரயில்வே பிளாட்பாரத்தில் அடிமாட்டு விலைக்கு ஒருவர் எனக்குப் பால்கோவா நீட்டினார். ஆசை யாரை விட்டது? வாங்கினேன். அட்டையில் கோபுரப் படம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று கொட்டை எழுத்து. வாயில் போட்டால் மைதா! எந்த ஊரில் கிண்டியதோ, அந்த ஆண்டாளுக்கே வெளிச்சம்.

இதற்குத்தான் புவிசார் குறியீடு. 1999இல் போட்ட சட்டம், 2003இல் அமலுக்கு வந்தது. 2019இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் கிடைத்தது. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல். வாங்கிக் கொடுத்தது உள்ளூர் பால் கூட்டுறவுச் சங்கம். விற்றது போக மிஞ்சும் பாலை என்ன செய்வது என்று யோசித்துத் தானும் பால்கோவா கிண்டத் தொடங்கிய சங்கம் அது. இந்தச் சட்டத்தில் ஒரு விசேஷம் உண்டு. உரிமை எந்தத் தனி ஆளுக்கும் இல்லை, ஊருக்குத்தான். முதலில் கிண்டியவர் யார், அவர் தாய்மொழி என்ன என்றெல்லாம் கேட்காது. இந்த எல்லைக்குள், இந்த முறையில் செய்கிறாயா என்று மட்டும் கேட்கும். அதன்படி பார்த்தால் ராஜஸ்தானத்து தேவ் சிங் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். பிளாட்பாரத்தில் எனக்கு மைதா விற்றவர், பச்சைத் தமிழராகவே இருந்தாலும், வெளியூர்.

அடுத்த முறை கோயில் பக்கம் போய், அடுப்பு எரிவதைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள். ஒரு வாரத்துக்குள் தின்று தீர்த்துவிடுங்கள். ஒரு மாதம் கெடாது என்று யாராவது சொன்னால், மரியாதையாக அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.