வண்டி நம்பரைக் குறித்துக்கொள்

2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டபோது, சென்னையின் நெரிசல் குறையும் என்று செய்தித்தாள்கள் எழுதின. கள்ளக்குறிச்சியிலிருந்து போகிற பெண்ணுக்கு அந்தச் செய்தி வேறு மாதிரி வந்து சேர்ந்தது. 2002 முதல் கோயம்பேட்டில், நகரத்துக்குள்ளேயே, இறங்கிப் பழகியவள் அவள். இப்போது வண்டலூர் பக்கம் இறங்குகிறாள். ராத்திரி ஏறிய பேருந்து விடியுமுன் நாலு மணிக்கு இறக்கிவிடும். தேர்வு மையமோ மருத்துவமனையோ இன்னும் முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும். மாநகரப் பேருந்து உண்டுதான். ஆனால் கையில் பை, எட்டு மணிக்கு நேர்முகம், ஊர் தெரியாது என்றால் ஆட்டோ அல்லது டாக்சி. பயணத்தின் கடைசி முப்பது கிலோமீட்டரை முன்பின் தெரியாத ஓர் ஆணோடு தனியாகக் கடக்க வேண்டும்.

இதற்கு நம் வீடுகளில் உள்ள ஒரே அறிவுரை "தனியாப் போகாத" என்பது. வசதியான குடும்பத்துப் பெண்கள் திரைபோட்ட வில்வண்டியில் போன காலத்து அறிவுரை அது. 1904-இல் புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் சேர்ந்த முத்துலட்சுமிக்கு வகுப்பறைக்குள்ளேயே திரை கட்டினார்கள். மூன்றாண்டு கழித்து மருத்துவம் படிக்க அவர் சென்னைக்கே வந்துவிட்டார் என்பதும் வரலாறுதான்.

உழைக்கும் பெண்களுக்கு எந்தத் திரையும் இருந்ததில்லை, அவர்கள் நடந்தார்கள். கல்வராயன் மலையை 1976 வரை மூன்று ஜாகீர்தார்கள் ஆண்டார்கள். மலையாளிப் பழங்குடி மக்கள் அவர்களுக்குக் கூலியில்லாமல் உழைத்தார்கள். அதற்குப் பின்னும் பாதை போடாத கிராமங்களிலிருந்து பிரசவ வலியில் துடித்த பெண்களை டோலி கட்டித்தான் இறக்கினார்கள். 2024-இல் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, அந்த மலைமக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலையும் பேருந்தும் அதில் விசாரணைக்கு வந்தன. மலைப்பெண்ணைக் கேட்டால் வண்டி வராததுதான் ஆபத்து என்பாள். அவள் மகள் இன்று கிளாம்பாக்கத்தில் இறங்கும்போது, வண்டி வருவதும் ஆபத்து என்று நாம் சொல்லித்தருகிறோம்.

வாடகை வண்டிக்கு உரிமமும் எண்ணும் வேண்டும் என்பது புதிய யோசனை இல்லை. குதிரைவண்டிக் காலத்திலேயே, 1911-இல், சென்னை மாகாணம் அதற்கொரு சட்டம் போட்டது. 1973-இல் கைரிக்‌ஷா ஒழிந்தது. பிறகு தெருக்கள் ஆட்டோவின் வசமாயின. 1988-இல் திருவான்மியூர் ஆட்டோ சங்கர் பிடிபட்டான். எங்கள் பக்கத்து ஊர்களில்கூட, ஆட்டோ ஏறும் பெண்ணுக்கு அவன் பெயரைச் சொல்லிப் பயம் காட்டினார்கள். 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் அவனைத் தூக்கிலிட்டார்கள். அதே ஆண்டு ஜனவரியில்தான் 'பாட்ஷா' வெளியானது. ஓர் ஆட்டோக்காரர் எமன், இன்னொருவர் ரட்சகர். இரண்டுமே பின்சீட்டுப் பெண்ணின் கதை இல்லை.

1998-இல் எத்திராஜ் கல்லூரி மாணவி ஒருவர், ஆட்டோவில் வந்த ஆண்களின் சீண்டலில் கீழே விழுந்து இறந்தார். அவர் ஆட்டோவில் ஏறவே இல்லை, சாலையில் நின்றவர். அந்தச் சாவுக்குப் பிறகு தமிழ்நாட்டில் ஈவ்-டீசிங் தடைச் சட்டம் வந்தது. கேலி போல ஒலித்த அந்தப் பெயரைத் 'துன்புறுத்தல்' என்று மாற்ற இன்னும் நாலு ஆண்டு ஆனது.

2005-இல் பெங்களூரில் இரவுப்பணிக்குக் கிளம்பிய கால்சென்டர் ஊழியரைக் கொன்றவன் யாரோ தெருவில் போனவன் அல்ல. நிறுவன வண்டி ஓட்டுபவன், வழக்கமாக வருகிறவருக்குப் பதிலாக வந்ததாகச் சொன்னவன். 2014 டிசம்பர் 5 இரவு டெல்லியில் ஊபர் வண்டியில் களைப்பில் தூங்கிப்போன பெண்ணை ஓட்டுநர் வன்புணர்ந்தான். அவன்மேல் ஏற்கெனவே வழக்கு இருந்தது, அவனுடைய நன்னடத்தைச் சான்றிதழ் போலி. வீட்டருகே இறக்கிவிடப்பட்ட அந்தப் பெண், வண்டி மறைவதற்குள் நம்பர் பிளேட்டைப் படம் பிடித்தார். மறு ஆண்டு அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. இன்னொரு செய்தி 2017-இல் வெளியானது: நிறுவனத்தின் உயரதிகாரி ஒருவர் அந்தப் பெண்ணின் மருத்துவ ஆவணங்களைப் பெற்று வைத்திருந்தார். ஓட்டுநரின் சான்றிதழைச் சரிபார்க்காதவர்கள் அவளுடைய உடம்பைச் சரிபார்த்தார்கள்.

இந்த இழப்புகளுக்குப் பின்தான் செயலியில் அவசரப் பொத்தான் வந்தது. 2019 முதல் புதிய டாக்சிகளில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் கட்டாயமாயின. ஆட்டோவுக்கு அதில் விலக்கு. மலிவான வண்டியில் போகிறவளுக்குப் பாதுகாப்பும் குறைவாக இருக்கலாம் என்று யார் தீர்மானித்தார்கள்?

ஆகவே தேர்வெழுதக் கிளம்பும் மாணவிகளிடம் நான் "தனியாப் போகாத" என்று சொல்வதில்லை. வண்டி நம்பரைக் குறித்துக்கொள் என்கிறேன். முனையத்துக்குள், வெளிச்சத்தில், ஆட்கள் இருக்கும் இடத்தில் நின்று வண்டியைப் பதிவு செய். வாடகை வண்டியின் பலகை பெரும்பாலும் மஞ்சள். செயலி காட்டும் எண்ணும் அதுவும் ஒன்றா என்று பார்த்த பிறகே கதவைத் தொடு. "மலர்க்கு வந்த வண்டிதானே?" என்று நீயே பெயரை எடுத்துக் கொடுக்காதே, யாருக்கு வந்தீர்கள் என்று அவரைக் கேள். பின்சீட்டில் உட்கார், கதவு உள்ளிருந்து திறக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடு. உன் போனிலும் வரைபடம் ஓடட்டும்.

முக்கியமானது, "கேன்சல் பண்ணிடுங்க, கமிஷன் மிச்சம், நேரா கூட்டிட்டுப் போறேன்" என்பார்கள். ஐம்பது ரூபாய் குறையும்தான். ஆனால் ரத்து செய்த கணத்தில் நீ அந்த வண்டியில் ஏறியதற்கான தடயமே போய்விடும். கேட்பவர் நல்லவராகவே இருக்கலாம், கமிஷன் கொள்ளை உண்மைதான். அதற்கு உன் தடயத்தை விலையாகக் கொடுக்காதே.

பயண விவரத்தை வீட்டுக்கு அனுப்பு என்பது நகரத்து அறிவுரை. வெள்ளிமலைக்கு மேலே எத்தனையோ வீடுகளில் சிக்னல் கிடைக்காது. சிக்னல் உள்ள தோழிக்கோ விடுதிக் காப்பாளருக்கோ எனக்கோ எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்பினால் போதும். 112, 181 இரண்டையும் மனப்பாடம் செய்துகொள். பயம் தோன்றினால் காரணம் தேட வேண்டாம், கடையோ பெட்ரோல் பங்கோ உள்ள இடத்தில் நிறுத்தச் சொல். விடியும்வரை முனையத்திலேயே காத்திருந்து மாநகரப் பேருந்தில் போவதிலும் வெட்கம் இல்லை. சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 மே முதல் நமக்குக் கட்டணம் கிடையாது.

எங்கள் பக்கம் ஓட்டுநரை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவோம். உறவு வைத்து அழைப்பது நாம் பழங்காலமாய்க் கையிலேந்தும் கேடயம். பல நேரம் வேலையும் செய்கிறது. ஆனாலும் எந்த விடுதி, எத்தனை நாள், கூட யார் என்பதெல்லாம் அந்த அண்ணனுக்குத் தெரிய வேண்டியதில்லை. "சென்னைக்குப் புதுசா?" என்று கேட்டால் "அக்கா வீட்டுக்கு அடிக்கடி வருவேன்" என்று சொல்லிவிடு. அக்கா இருக்க வேண்டும் என்பதில்லை.

2025 மகளிர் நாளில் தமிழ்நாடு அரசு சென்னையில் இளஞ்சிவப்பு ஆட்டோக்களைத் தொடங்கியது. பெண்களே ஓட்டுகிறார்கள். இத்தனை பெரிய நகரத்துக்குத் தொடக்கத்தில் திட்டமிட்டது சில நூறு வண்டிதான். அதிகாலை நாலு மணிக்கு அவற்றை ஓட்டும் பெண்ணின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியும் கூடவே ஓடுகிறது.

தேர்வு நடக்கும் ஞாயிறுகளில் ஐந்து மணிக்கு முன்பே என் போன் அதிரும். 'குட் மார்னிங்' இருக்காது, 'மேடம்' கூட இருக்காது. டி.என். என்று தொடங்கி நாலு இலக்கத்தில் முடியும் எண் மட்டும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று வரும்: "எறங்கிட்டேன்."