குளிர்கால மின்தடையும் வாகனத்தின் நம்பகத்தன்மையும்: டெக்சஸ் 2021 தரும் சான்று

1. சிக்கல்

கடுங்குளிரில் மின்சாரம் நின்றுபோனால் மின்சார கார் முடங்கிவிடும், பெட்ரோல் கார் ஓடிக்கொண்டே இருக்கும் என்ற வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. உறைபனிக் காலத்தில் வண்டி ஓடுமா என்பது, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முடியுமா, கதகதப்பான இன்னொரு வீட்டுக்கு முதியோரைக் கொண்டுபோக முடியுமா என்ற கேள்வியும் ஆகும். ஆனால் பெட்ரோலுக்கு மின்சாரத்தின் தயவு வேண்டியதில்லை என்ற நம்பிக்கைதான் இந்த வாதத்தின் அடித்தளம். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் பட்ட பாடு அதைப் பொய்யாக்குகிறது. வாகனத்தின் நம்பகத்தன்மை அதன் எஞ்சினில் இல்லை, அதை மீண்டும் நிரப்பும் சங்கிலியில் இருக்கிறது; எந்த வாகனம் கைகொடுக்கும் என்பதைப் பெரும்பாலும் மின்தடையின் கால அளவே தீர்மானிக்கிறது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

2. நான்கு நிமிடம் இருபத்து மூன்று நொடி

டெக்சஸின் பெரும்பகுதிக்கு மின்சாரம் தரும் எர்காட் அமைப்பு, அண்டை மாநிலங்களின் மின்தொகுப்போடு மிகக் குறைந்த அளவிலேயே இணைந்தது. 2021 பிப்ரவரி 15 அதிகாலையில் மின் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. 60 ஹெர்ட்ஸில் நிற்கவேண்டிய அதிர்வெண் 59.4-க்குக் கீழே இறங்கி, 4 நிமிடம் 23 நொடி அங்கேயே கிடந்தது. ஒன்பது நிமிடம் நீடித்திருந்தால் மேலும் பல நிலையங்கள் தாமாகவே துண்டித்துக்கொண்டிருக்கும். எர்காட் தொகுப்பு முழுதும் இருளில் மூழ்கியிருக்கும். அதைத் தடுக்க அதிகாரிகள் மின்வெட்டை அறிவித்தார்கள். உச்சத்தில் அது 20,000 மெகாவாட்டை எட்டியது. சுழற்சி முறையில் வெட்டுவதே திட்டம். ஆனால் வெட்டவேண்டிய அளவு பெரிது. ஆஸ்பத்திரி போன்ற இன்றியமையாத இணைப்புகள் உள்ள தடங்களைத் தொட முடியாது. மாற்றிவிட வேறு தடம் இல்லாமல், முதலில் வெட்டப்பட்டவர்களில் பலர் நாள்கணக்கில் இருளில் கிடந்தார்கள். மாநில அரசின் கணக்கில் இறந்தோர் 246 பேர்.

இந்தச் சரிவின் மூலம் எரிபொருளிலும் இருந்தது. நின்றுபோன அலகுகளில் பாதிக்கு மேல் இயற்கை எரிவாயுவில் இயங்குபவை. கிணற்றுமுகப்புகளும் குழாய்களும் உறைந்தன. மின்வெட்டு எரிவாயுக் கூடங்களையும் தாக்கியது. அவற்றுள் பல இன்றியமையாத மின் இணைப்பாகப் பதிவாகியிருக்கவில்லை. மின்சாரம் இல்லாததால் எரிவாயு வரவில்லை, எரிவாயு வராததால் மின்சாரம் இல்லை. 2011 பிப்ரவரியிலும் இப்படி ஒரு குளிர் அடித்து, ஆலைகளைக் குளிர்தாங்கும்படி சீரமைக்கவேண்டும் என்று பரிந்துரை எழுதப்பட்டது. பத்தாண்டு கழித்து அதே நோய் பெரிதாகத் திரும்பியது.

3. பெட்ரோலின் மறைந்த மின்கம்பி

பெட்ரோல் பங்கில் எரிபொருள் தரைக்கடியில் தொட்டியில் இருக்கிறது. அதை மேலே ஏற்றும் பம்ப், அளவைக் காட்டும் கருவி, பணம் வாங்கும் இயந்திரம் எல்லாமே மின்சாரத்தில் ஓடுபவை. கரண்ட் போனால் தொட்டி நிறைந்திருந்தும் பங்க் மூடித்தான் கிடக்கும். 2012 அக்டோபர் இறுதியில் சாண்டி புயல் தாக்கியபின் நியூ ஜெர்சியிலும் நியூயார்க்கிலும் நடந்தது இதுதான். எண்ணெய் இருந்த பங்குகளிலும் இறைக்க வழியில்லை; வண்டி எண்ணின் ஒற்றை இரட்டைப்படி நாள்விட்டு நாள் பெட்ரோல் வழங்கும் ஏற்பாடு வந்தது. டெக்சஸில் சங்கிலி இன்னும் மேலேயே அறுந்தது. நாட்டின் மிகப்பெரிய சுத்திகரிப்பு ஆலையான போர்ட் ஆர்தர் உட்பட வளைகுடாக் கரையின் பல ஆலைகள் குளிரால் நின்றன.

ஆகவே பெட்ரோல் காரின் சுதந்திரம், தடை தொடங்கும் கணத்தில் அதன் டேங்கில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவுதான். மின்சார காருக்கும் இதே விதி. இரவில் வீட்டிலேயே மின்னேற்றும் வழக்கம் உள்ளவரின் கார் காலையில் நிறைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

4. குளிரில் மின்கலம்

மின்சார காரின் குறைகளை மூடிமறைப்பது ஆய்வுக்கு அழகல்ல. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2019-இல் வெளியிட்ட சோதனையில், உறைநிலைக்கு 7 டிகிரி கீழே, ஹீட்டர் ஓடும்போது, கார்கள் செல்லும் தூரம் சராசரியாக 41 விழுக்காடு குறைந்தது. பெட்ரோல் எஞ்சின் வீணாக்கும் வெப்பமே அதன் அறையைச் சூடாக்குகிறது. மின்சார கார் அந்த வெப்பத்தையும் மின்கலத்திலிருந்தே எடுக்கவேண்டும். மேலும், மிகவும் குளிர்ந்த மின்கலத்தில் வேகமாக மின்னேற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து கலம் கெடும் என்பதால் காரே ஏற்ற வேகத்தைக் குறைத்துவிடுகிறது. 2024 ஜனவரியில் சிகாகோ மின்னேற்ற நிலையங்களில் கார்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றதற்கு இது ஒரு காரணம்.

நின்ற இடத்தில் தாக்குப்பிடிப்பதில் வேறுபாடு நினைப்பதைவிடச் சிறியது. 75 யூனிட் கொள்ளளவுள்ள மின்கலம் பாதி நிறைந்திருக்க, ஹீட்டர் 2 கிலோவாட் இழுத்தால் ஏறத்தாழ 19 மணி நேரம் வரும். 50 லிட்டர் டேங்க் பாதி நிறைந்த பெட்ரோல் கார், மணிக்கு ஒரு லிட்டர் செலவானால், 25 மணி நேரம் தாங்கும். ஆனால் டெக்சஸில் குளிர் தாளாமல் கராஜுக்குள் காரை ஓடவிட்டு அமர்ந்தவர்களில் சிலர் கார்பன் மோனாக்சைடு நச்சுக்குப் பலியானார்கள். புகைபோக்கி இல்லாத வண்டியில் அந்தச் சாவு நேராது. நம்பகத்தன்மையை எடைபோடும் எவரும் இதைக் கணக்கில் சேர்க்காமல் விடக்கூடாது.

5. வாங்கும் வண்டியும் கொடுக்கும் வண்டியும்

மின்சார காரின் உண்மையான வலிமை ஓடுவதில் மட்டும் இல்லை. அது வீட்டுக்கு மின்சாரத்தைத் திருப்பித் தரவும் முடியும். ஜப்பானில் நிசான் நிறுவனம் 2012-லேயே லீஃப் காரிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுக்கும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2021 டெக்சஸ் குளிரில் ஃபோர்டு எஃப்-150 ஹைப்ரிட் வண்டிகளின் 7.2 கிலோவாட் இணைப்பில் மக்கள் ஹீட்டரும் விளக்கும் ஓட்டினார்கள். அதுவும் பெட்ரோல் எரிக்கும் வண்டிதான். மின்சாரமா பெட்ரோலா என்ற இருகூறான பிரிப்பு நடைமுறையில் எவ்வளவு தளர்ந்தது என்பதற்கு இதுவே சான்று.

எரிவாயு உலையால் சூடாகும் வீட்டில் காற்றை வீசும் விசிறிக்கு மட்டுமே மின்சாரம் போதும். சில நூறு வாட்டுக்கு ஒரு கார் மின்கலம் நாள்கணக்கில் ஈடுகொடுக்கும். டெக்சஸின் பாதிக்கு மேற்பட்ட வீடுகளோ மின்சாரத்தாலேயே சூடாகுபவை. அங்கே கார் ஓர் அறையைக் காக்கலாம், முழு வீட்டையும் அல்ல. மறுபுறம், ஒரு லட்சம் கார்கள் ஒரே மாலையில் தலா 7 கிலோவாட் இழுத்தால் 700 மெகாவாட் சுமை கூடும். நேரம் பார்த்து மின்னேற்றும் ஒழுங்கு இல்லையேல் உதவவேண்டிய வண்டியே தொல்லையாகும்.

6. கால அளவே அளவுகோல்

2011 மார்ச்சில் ஜப்பானின் தோஹோக்குப் பகுதியைப் பேரலை தாக்கியபோது பனியும் பெய்தது. பல இடங்களில் மின்சாரம் சில நாள்களில் திரும்பியது. பெட்ரோல் தட்டுப்பாடோ நீடித்தது. அங்கே அனுப்பப்பட்ட மின்சார கார்கள் நிவாரணப் பணிக்குக் கைகொடுத்தன. 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக்கில் உறைமழை சுமார் 1,000 இரும்பு மின்கோபுரங்களைச் சாய்த்தபோது நிலைமை தலைகீழ். மான்ட்ரியாலுக்குத் தெற்கே சில குடும்பங்களுக்கு ஒரு மாதத்துக்கு மேல் மின்சாரம் இல்லை. அத்தகைய தடையில் வெளியிலிருந்து கேனிலும் லாரியிலும் கொண்டுவரக்கூடிய எரிபொருளே காப்பாற்றும். சில நாள் தடையில் நிறைந்த மின்கலம் சேமிப்பு; பல வாரத் தடையில் அது தீர்ந்துபோன பாத்திரம்.

7. முடிவு

எந்தக் காரை வாங்குவது என்று குடும்பத்தின் தலையில் பொறுப்பைச் சுமத்துவது நியாயமல்ல. சங்கிலியின் கண்ணிகளைப் பலப்படுத்துவது அரசின் கடமை. ஜெனரேட்டரை இணைக்கும் வசதி பெட்ரோல் பங்குகளுக்கு வேண்டும் என்று ஃபுளோரிடாவும் நியூயார்க்கும் சட்டம் இயற்றியுள்ளன. குளிர்ப் பிரதேசங்கள் அனைத்திலும் அது விதியாகவேண்டும். எரிவாயுக் கூடங்கள் வெட்டப்படக்கூடாத இணைப்பாகப் பதிவாகவேண்டும். புதிய வீட்டு மின்னேற்றிகள் இருதிசையிலும் மின்சாரம் செல்ல வழி தரவேண்டும். ஆம்புலன்ஸ், தீயணைப்பு போன்ற சேவைகள் ஒரே எரிபொருளை நம்பி இருக்கக்கூடாது. 2011-இன் பரிந்துரைகள் காகிதத்தில் உறங்கியதற்கு 2021 கொடுத்த விலை மனித உயிர்கள். இந்த நான்கையும் கட்டாயமாக்காமல் மின்சார காரா பெட்ரோல் காரா என்று வாதிடும் ஒவ்வோர் ஆண்டும், அடுத்த குளிருக்கு மக்களைக் காவலின்றி அனுப்பும் ஆண்டாகும்.