இரு தரப்பாரும் ஒப்பமிட்ட பத்திரம்



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் நம் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரி ஆலய அலுவலக அறைக்கு வந்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கடன். அசலுக்கு மேலாகவே வட்டி கட்டியாயிற்று. ஆயினும் அசல் அப்படியே நிற்கிறது என்கிறார் கொடுத்தவர். புரோநோட்டில் தொகை எழுதும் இடம் வெறுமையாக இருந்தபோதே கையெழுத்து வாங்கிக்கொண்டாராம். நகல் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். அதன்பின் அவர் கேட்ட கேள்வி இந்த வாரம் முழுவதும் என்னை உறங்கவிடவில்லை. "நான்தானே ஐயா கையெழுத்துப் போட்டேன்? போட்டுவிட்டு இப்போது முடியாது என்றால், தேவனுக்கு முன்பாக அது பொய்யாகாதா?"

நாங்கள் பேசிக்கொண்டிருந்த மேசையின்மேல் திருமணப் பதிவேடு கிடந்தது. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி மணமகன், மணமகள், சாட்சிகள் இருவர், திருமணத்தை நடத்திவைத்த போதகர் ஆகிய அனைவரும் ஒப்பமிடுகிற ஏடு அது. ஒருவர் கையெழுத்து விடுபட்டாலும் அந்தப் பக்கம் நிறைவடைவதில்லை. அந்தச் சகோதரியின் புரோநோட்டோ அவர் ஒருவர் மட்டும் ஒப்பமிட்டு, வேறொருவர் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டது. இவ்விரு வகைத் தாள்களுக்கும் வேதாகமம் எழுதப்பட்ட காலத்து உலகில் தனித்தனிப் பெயர்கள் வழங்கின. அவற்றைப் பற்றியே இந்த வாரம் உங்களுக்கு எழுதுகிறேன்.

எல்லாத் தரப்பாரும் ஒப்பமிடும் உடன்படிக்கைக்கு ஆங்கிலச் சட்ட அகராதிகளில் 'சிங்கிராஃப்' என்றொரு அரிய சொல் இருக்கிறது. இன்றைய நீதிமன்றங்களில் அது அநேகமாக ஒலிப்பதில்லை. கிரேக்கத்தின் 'சிங்கிராஃபே' என்பதே அதன் மூலம். சேர்ந்து எழுதியது என்று பொருள்படும். அதன் மறுபக்கம் 'கெயிரோகிராஃபோன்': கை, எழுத்து என்னும் இரு சொற்கள் இணைந்தது. சிசெரோவுக்கு உரை எழுதிய ஒரு பழைய ஆசிரியர் வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்கிறார்: கெயிரோகிராஃபோன் ஒரு தரப்பாரிடம் மட்டும் இருக்கும், சிங்கிராஃபே இருவர் கையாலும் ஒப்பமிடப்பட்டு இருவரிடமும் இருக்கும். கொலோசெயர் 2:14இல் பவுல் எடுத்தாளும் சொல் இவற்றில் இரண்டாவது. நம் தமிழ் வேதாகமம் 'கையெழுத்து' என்று அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்திருக்கிறது. பவுல் தாமும் அத்தகைய ஒன்றை எழுதியிருக்கிறார். ஒநேசிமு ஏதேனும் கடன்பட்டிருந்தால் அதைத் தாம் செலுத்துவதாகப் பிலேமோனுக்குத் தம் கையாலேயே எழுதிய அந்த வரி, ஏறக்குறைய ஒரு புரோநோட்டுதான்.

சிங்கிராஃபே எப்படி இருந்தது என்பதைக் கண்ணால் காண வாய்ப்புண்டு. எகிப்தில் அஸ்வானுக்கு எதிரே நைல் நதியின் நடுவே எலிபெண்டைன் என்னும் தீவு இருக்கிறது. 1906இல் ஜெர்மானியர் அங்கே அகழ்ந்தபோது, ஒரு சாடிக்குள் பாப்பிரஸ் சுருள்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று கி.மு. 310ஆம் ஆண்டைச் சேர்ந்த திருமண ஒப்பந்தம். நாள் குறிக்கப்பட்ட கிரேக்கப் பாப்பிரஸ்களில் மிகப் பழையவற்றுள் ஒன்றான அது, தன்னைத் தானே சிங்கிராஃபே என்று அழைத்துக்கொள்கிறது. தெம்னோஸ் ஊரானாகிய ஹெராக்ளீடிஸ் மணமகன். கோஸ் தீவினளாகிய டெமேத்திரியா மணமகள். (பவுல் எருசலேமுக்குப் போகும் வழியில் கடந்த கோஸ்தீவுதான்.) அவள் கொண்டுவந்த ஆடைகளும் அணிகலன்களும் 1000 திராக்மா பெறுமானமுள்ளவை. அவள் வெட்கக்கேடான காரியம் செய்ததாக மெய்ப்பிக்கப்பட்டால் கொண்டுவந்ததை இழப்பாள். அவனும் அவளை இழிவுபடுத்தும்படி வேறொரு பெண்ணை வீட்டுக்குக் கொண்டுவரலாகாது. வேறொருத்தியிடம் பிள்ளை பெறலாகாது. எந்தச் சாக்கிலும் அவளுக்குத் தீங்கிழைக்கலாகாது. மீறினால் அந்த 1000 திராக்மாவைத் திருப்பித் தருவதோடு, மேலும் 1000 திராக்மா தண்டம் கட்ட வேண்டும். குற்றத்தை யார் தீர்மானிப்பது? இருவரும் ஒப்புக்கொள்ளும் மூன்று பேர்.

பத்திரத்தை இருவரும் தத்தம் வசத்தில் வைத்திருக்கலாம், ஒருவருக்கு எதிராக மற்றவர் அதைக் காட்டலாம், அது எந்த ஊரிலும் செல்லும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. ஆறு சாட்சிகளின் பெயர்கள் வருகின்றன. ஒரே தாளில் வாசகம் இருமுறை எழுதப்பட்டு, மேற்பகுதி சுருட்டி முத்திரையிடப்பட்டது. கீழ்ப்பகுதி யாரும் வாசிக்கத் திறந்திருந்தது. திறந்ததை ஒருவன் திருத்தினாலும் மூடியது காட்டிக்கொடுத்துவிடும். எரேமியா ஆனதோத்தில் நிலம் வாங்கியபோது முத்திரை போட்ட பத்திரமும் திறந்த பத்திரமும் இருந்ததாக 32ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோமே, அதே ஏற்பாட்டின் இன்னொரு வடிவம் இது. எல்லாம் சமம் என்று நான் சொல்லவில்லை. தம்பதியர் எங்கே வாழ்வது என்பதை மணமகனும் மாமனாருமே கலந்து முடிவுசெய்கிறார்கள். டெமேத்திரியாவைக் கேட்பதாக இல்லை. ஆயினும் தனக்கு எதிரான தாளைத் தன் கையிலேயே வைத்திருக்கவும், தனக்கு அநீதி நேர்ந்தால் அதை நீட்டவும் அவளால் முடிந்தது.

ரோமர் கையில் இதே சொல்லுக்கு வேறு கதி நேர்ந்தது. கி.மு. 51இல் சிசெரோ சிலிசியா மாகாணத்தின் ஆளுநராக வந்தார். சீப்புருதீவும் அதில் அடக்கம். அத்தீவின் சாலமி நகரத்தார் ரோமில் கடன் வாங்கியிருந்தார்கள். மாகாணத்தார் ரோமில் கடன் பெறுவதைச் சட்டம் தடுத்திருந்தும், செனட் சபையின் தனித் தீர்மானத்தால் அந்தச் சிங்கிராஃபே செல்லுபடியாக்கப்பட்டிருந்தது. வட்டி ஆண்டுக்கு 48 விழுக்காடு. வசூலிக்க வந்த ஸ்காப்தியுஸ் என்பவன், முந்தைய ஆளுநர் தந்த குதிரைப்படையைக் கொண்டு சாலமியின் ஆலோசனைச் சபையாரை அவர்கள் மண்டபத்திலேயே அடைத்துவைத்தான். ஐந்து பேர் பட்டினியால் மாண்டார்கள்.

சிசெரோ குதிரைவீரர்களைத் தீவைவிட்டு வெளியேறப் பணித்தார். தம் ஆணைப்படி 12 விழுக்காட்டுக்கு மேல் வட்டி இல்லை என்றார். அந்தக் கணக்கில் 106 தாலந்து ஆயிற்று. சாலமியார் உடனே செலுத்த ஆயத்தமாய் இருந்தார்கள். ஸ்காப்தியுஸ் கேட்டதோ ஏறக்குறைய 200. தாளைக் காட்டினான், செனட் தீர்மானத்தைக் காட்டினான். பணத்தின் உண்மையான சொந்தக்காரர் புரூட்டஸ் என்பது சிசெரோவுக்குப் பின்னரே தெரியவந்தது. ஆம், பின்னாளில் சீசரைக் குத்தியவர்களுள் ஒருவராகி, விடுதலையின் காவலர் என்று புகழப்பட்ட அதே புரூட்டஸ். பணத்தை ஓர் ஆலயத்தில் வைத்து வட்டியை நிறுத்திக்கொள்ளச் சாலமியார் அனுமதி கேட்டார்கள். சிசெரோ அதைக்கூடத் தரவில்லை. வழக்கை முடிக்காமலே விட்டுவிட்டார். தாம் செய்த நன்மையை நண்பர் அத்திக்குஸுக்கு எழுதிய கடிதங்களில் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார். அவற்றை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின் பர்னபாவும் பவுலும் இறங்கிப் பிரசங்கித்தது இந்தச் சாலமியில்தான்.

இடைக்கால ஐரோப்பாவில் திருச்சபைச் சட்ட அறிஞர்கள் இப்பெயரைக் காத்து வைத்தார்கள். ஒரே தோலில் ஒப்பந்தத்தை இருமுறை எழுதி, நடுவே பற்களைப்போல் வளைத்து வெட்டி, ஆளுக்கொரு பாதி கொடுப்பார்கள். பற்கள் பொருந்தினால் பத்திரம் மெய். அந்தப் பல்வெட்டிலிருந்து பிறந்த ஆங்கிலச் சொல்தான் 'இண்டெஞ்சர்'. 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் நேட்டாலுக்குப் போய் இறங்கிய நம் மக்களை அந்தப் பெயரால்தான் அழைத்தார்கள். பற்களின் நினைவு சொல்லில் மட்டும் மிஞ்சியிருந்தது.

இனி ஏசாயாவுக்கு வருகிறேன். எகிப்தில் வாழ்ந்த யூதர்கள் எபிரெய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தார்கள் என்பதை அறிவீர்கள். 58ஆம் அதிகாரத்தில், தேவன் விரும்புகிற உபவாசம் எது என்று சொல்லும் 6ஆம் வசனத்தில், எபிரெயத்தின் இறுதிச் சொற்கள் நுகங்களை உடைப்பதைப் பற்றியவை. கிரேக்கத்தில் பெயர்த்தவர் அங்கே நுகம் என்று எழுதவில்லை. அநியாயமான சிங்கிராஃபே ஒவ்வொன்றையும் என்று எழுதினார். உடைப்பது என்பது கிழிப்பது என்றாயிற்று. அவர் வாழ்ந்த நாட்டில் சிங்கிராஃபே தெருவில் அன்றாடம் வழங்கிய சொல். ஏழையின் கழுத்தில் நுகம் எந்த வடிவில் ஏறுகிறது என்பதை அவர் பார்த்திருக்க வேண்டும் என்றே நான் எண்ணுகிறேன். கவனியுங்கள்: அவர் ஒருவர் மட்டும் இட்ட கையெழுத்தைக் குறிக்கும் சொல்லை எடுக்கவில்லை, இரு தரப்பும் இசைந்ததாகத் தோன்றும் பத்திரத்தின் பெயரையே எடுத்தார். இருவரும் ஒப்பமிட்டிருந்தும் அநியாயமாயிருக்கும் பத்திரம் உண்டு என்று அவர் அறிந்திருந்தார்.

லூக்கா 4ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் நாசரேத்து ஜெப ஆலயத்தில் வாசித்த பகுதி ஏசாயா 61 என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. பெரும்பகுதி அதுவே. ஆனால் நொறுக்கப்பட்டவர்களை விடுதலையாக்கி அனுப்புவதைப் பற்றிய அந்தச் சொற்றொடர் 61இல் இல்லை. 58:6இல் இருந்து வந்தது. கிரேக்க ஏசாயாவில் அதற்கு அடுத்து நிற்பது, அநியாயமான சிங்கிராஃபேயைக் கிழிக்கும்படியான கட்டளை.

அந்தச் சகோதரிக்கு இதையெல்லாம் நான் ஞாயிறன்றே சொல்லவில்லை, சொல்லத் தோன்றவுமில்லை. வாங்கிய அசலை மறுப்பது பொய், வாங்காததை மறுப்பது பொய்யல்ல என்று மட்டும் சொன்னேன். கந்துவட்டியைத் தடுக்க 2003 முதல் தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது என்பதையும் அவர் அறிந்திருக்கவில்லை. வரும் செவ்வாய்க்கிழமை அவரோடு ஒரு வழக்கறிஞரிடம் போகிறேன். கட்டிய வட்டியை நாள்வாரியாக ஒரு பழைய பள்ளி நோட்டில் குறித்துவைத்திருக்கிறாராம். அதை எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். வெற்றுத் தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்தவர்கள் நம் சபையில் வேறு யாரேனும் இருந்தால், திங்கள் மாலைக்குள் என்னிடம் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம்.